அம்மாவுக்கு வைத்த இருபத்தைந்து கரண்ட்

மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்



போன செமஸ்டரில் ஒன்றரை மாத காலம் நான் வகுப்புக்கு ஒழுங்காக வரவில்லை. காலையில் முதல் இரண்டு பீரியடுக்கு என் இடம் காலியாகவே கிடக்கும். "எங்கடா போய்த் தொலையுற?" என்று நீங்கள் கேட்டபோதெல்லாம், "ஊர்ல வேலைடா" என்று சொல்லி மழுப்பினேன். பார்ட் டைம் வேலைக்குப் போகிறேன் என்று சிலர் நினைத்தீர்கள். "லவ்வுடா மாப்ள!" என்று ஒருவன் முடிவே கட்டிவிட்டான். உண்மையைச் சொல்ல அப்போது எனக்கு வாய் வரவில்லை. இப்போது பேரவை ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். சரி, இப்போதாவது சொல்லிவிடுவோம் என்று எழுத உட்கார்ந்தேன்.

இது என் அம்மாவைப் பற்றிய கட்டுரை. கூடவே, நம் ஒவ்வொருவர் உடம்புக்குள்ளும் இரவு பகல் பாராமல் நடந்துகொண்டிருக்கும் ஒரு ரிப்பேர் வேலையைப் பற்றிய கட்டுரை. நாமோ மெக்கானிக்கல்காரர்கள். உயிரியலுக்கும் நமக்கும் பத்தாம் வகுப்போடு கணக்குத் தீர்ந்துவிட்டது. ஆனாலும் பயப்பட வேண்டாம். எனக்கு இது புரிந்ததே அப்பாவின் பஞ்சர் கடையை வைத்துத்தான். உங்களுக்கும் அப்படியே சொல்கிறேன்.

அப்பாவின் கடை

வாடிப்பட்டிப் பக்கம் நான்குவழிச் சாலை ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை. ஒரு கம்ப்ரஸர், ஒரு இரும்புத் தொட்டி, அடையாளத்துக்குத் தொங்கும் ஒரு பழைய டயர். அவ்வளவுதான் கடை. அப்பா மூன்றாம் வகுப்புக்கு மேல் போகவில்லை. அம்மா பள்ளிக்கூட வாசலையே மிதித்ததில்லை. விடியும் முன்னே மல்லிகைத் தோட்டத்துக்குப் பூ எடுக்கப் போவார். எங்கள் வீட்டில் பத்தாவது பாஸ் பண்ணிய முதல் ஆள் நான்தான். பாலிடெக்னிக் வாசலைத் தாண்டிய முதல் ஆளும் நான்தான்.

அப்பா பஞ்சர் ஒட்டுவதை எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். டியூபில் காற்றை அடித்து, தொட்டித் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி அமுக்குவார். குமிழி வந்த இடத்தில் ஒரு குறி. பிறகு அந்த இடத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார், சொல்யூஷன் தடவுவார். தடவிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார். வண்டிக்காரர், "அண்ணே, சீக்கிரம் ஒட்டுங்க" என்று பறப்பார். அப்பா அசையமாட்டார். "சொல்யூசன் காயணும்ல? காயாம ஒட்டுனா பத்துக் கிலோமீட்டர்ல கழண்டுரும்" என்பார்.

சில டியூபை அவர் ஒட்டவே மாட்டார். வால்வு அடியில் கிழிந்திருந்தால், எவ்வளவு காசு கொடுத்தாலும் ஒட்டமாட்டார். "இது ஆகாதுங்க. ஒட்டிக் குடுத்தா ரோட்டுல ஆளைக் கொன்னுரும். புதுசு வாங்கிருங்க" என்று சொல்லி, கத்தியால் டியூபை அறுத்தே போட்டுவிடுவார். வேறு யாரும் அதை ஒட்டிக் கொடுத்துவிடக் கூடாதாம்!

இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குமிழியைத் தேடுவது, காயும் வரை பொறுப்பது, ஆகாத டியூபை அறுத்துப் போடுவது. மூன்றும் பின்னால் வரும்.

அம்மாவுக்கு வந்த நோய்

அம்மா பல மாதமாக உடம்பு சரியில்லாமல் இருந்திருக்கிறார். எங்களிடம் சொல்லவில்லை. பூ எடுக்கும் இடத்தில் மயங்கி விழுந்த பிறகு, பக்கத்து வீட்டு அத்தை விசாரித்துத்தான் விஷயம் வெளியே வந்தது. பெரியாஸ்பத்திரியில் சதை எடுத்துச் சோதித்துப் பார்த்து, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் என்றார்கள்.

இதை எழுதுவதற்கு எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. அம்மாவிடமே கேட்டேன். "காலேஜ் புத்தகத்துல எழுதட்டுமாம்மா?"

"எழுதேன்யா. நான் என்ன திருடிட்டா வந்தேன்?" என்றார்.

ஆபரேஷன் இல்லை, கரண்ட் வைக்க வேண்டும் என்றார்கள். கதிர்வீச்சு சிகிச்சைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அதுதான், கரண்ட். மொத்தம் இருபத்தைந்து. திங்கள் முதல் வெள்ளி வரை தினம் ஒன்று, ஐந்து வாரம். வாரத்துக்கு ஒரு நாள் குளுக்கோஸோடு மருந்து ஏற்றுவார்கள். அது முடிந்த பிறகு, உள்ளே வைத்துக் கொடுக்கும் கதிர் சிகிச்சை தனி. சம்மதப் படிவத்தை நான் படித்துச் சொன்னேன், அம்மா கைநாட்டு வைத்தார். வயிற்றில் மையால் கோடு போட்டு, அழியாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள்.

அப்பா கடையைப் பூட்டினால் அடுப்பு எரியாது. அதுவும் போக, அந்தக் கட்டிடத்தில் எந்த அறைக்கு எந்தச் சீட்டு என்று எழுதியிருப்பதைப் படிக்கவும் ஆள் வேண்டும். ஆக, துணைக்கு நான்தான். விடியற்காலை பஸ் பிடித்து மதுரை போய், டோக்கன் போட்டு உட்கார்ந்தால், அம்மா முறை வர மணிக்கணக்கில் ஆகும். உள்ளே போனால் ஐந்து பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுவார்.

இரண்டாவது வாரம், பஸ்ஸில் திரும்பும்போது அம்மா கேட்டார். "ஏய்யா, இம்புட்டுத் தூரம் வந்து அஞ்சு நிமிசம் வச்சு அனுப்புறாக. மொத்தத்தையும் ஒரே நாள்ல வச்சு விட்டா என்னவாம்? நீயும் படிப்பைப் பாப்பேல்ல?"

என்னிடம் பதில் இல்லை. சொல்லப்போனால் எனக்கும் அதே எண்ணம்தான். இருபத்தைந்து துண்டாக வெட்டி எதற்கு இழுத்தடிக்கிறார்கள்?

நான் செய்த தவறு

மூன்றாவது வாரம் வியாழனும் வெள்ளியும் நமக்கு மாடல் பிராக்டிகல் வந்தது. உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஏற்கெனவே அட்டெண்டன்ஸ் அடி வாங்கிக் கிடக்கிறது, இதையும் விட்டால் அவ்வளவுதான் என்று பயம். அம்மாவிடம் சொன்னேன். "ரெண்டு நாள்தானம்மா. திங்கக்கெழமை போய்க்கலாம்."

அம்மாவுக்குச் சந்தோஷம்தான். எனக்குத் தொந்தரவு இல்லை, அவருக்கும் இரண்டு நாள் பூ எடுக்கலாம். நானும் லேத்தில் த்ரெட் வெட்டி, நல்ல மார்க் வாங்கிக்கொண்டு வந்தேன்.

திங்கட்கிழமை அட்டையைப் பார்த்ததும், கரண்ட் வைக்கும் டெக்னீஷியன் அக்காவின் முகம் மாறியது. அம்மாவை உள்ளே அனுப்பிவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார்.

"ரெண்டு நாள் ஏன் வரல?"

"பிராக்டிகல் இருந்துச்சுக்கா."

"ரெண்டு நாளு, கூட சனி, ஞாயிறு. ஆக நாலு நாளு. யார்ட்ட கேட்டு விட்டீங்க?"

நான் தலையைக் குனிந்துகொண்டு, அம்மா பஸ்ஸில் கேட்ட கேள்வியையே கேட்டேன். "ஒரே நாள்ல வச்சிருந்தா இந்தப் பிரச்சனையே இல்லையேக்கா..."

அந்த அக்கா திட்டவில்லை. ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். "என்ன படிக்கிற?" என்றார். டிப்ளமோ என்றேன். "நானும் டிப்ளமோதான். அப்ப சொன்னாப் புரியும், கேளு" என்று ஆரம்பித்தார்.

"மொத்தத்தையும் ஒரே நாள்ல வச்சா கட்டி செத்துரும். ஆனா சுத்தி இருக்கிற குடலு, மூத்திரப்பை எல்லாம் கூடவே கெட்டுப்போகும். அதான் கொஞ்சமா வைக்கிறோம். இந்தக் கதிர், செல்லுக்குள்ள இருக்கிற டி.என்.ஏ.வை அறுக்குது. நல்ல செல்லு மறுநாளைக்குள்ள தன்னைத்தானே ரிப்பேர் பண்ணிக்கும். கேன்சர் செல்லுக்கு அந்த ரிப்பேர் ஒழுங்கா வராது. அது தேறுறதுக்குள்ள அடுத்த அடி. அடுத்த நாள் அடுத்த அடி. அதுதான் கணக்கு. நீ நாலு நாள் விட்டா என்ன ஆகும்? கெட்டதும் தேறி எந்திரிச்சுப் பெருக ஆரம்பிச்சுரும். இடைவெளி இல்லாமலும் வைக்கக் கூடாது. இடைவெளி ஜாஸ்தியாவும் விடக் கூடாது."

எனக்குக் கை கால் எல்லாம் நடுங்கிவிட்டது. ஒரு பிராக்டிகல் மார்க்குக்காக அம்மாவின் உயிரோடு விளையாடிவிட்டேனே! டாக்டர் பார்த்து, விட்டுப்போன இரண்டையும் அடுத்த இரண்டு சனிக்கிழமைகளில் ஈடு கட்ட ஏற்பாடு செய்தார். அதன் பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

செல்லுக்குள் ஒரு பட்டறை

அன்று முதல் எனக்கு ஒரே கேள்விதான். தன்னைத்தானே ரிப்பேர் பண்ணிக்கொள்ளுமாமே, அது எப்படி? நம் நூலகத்தில் இருப்பதெல்லாம் தெர்மலும் மெஷின் டிசைனும்தான். சித்தப்பா மகளின் பிளஸ் டூ உயிரியல் புத்தகத்தை வாங்கினேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து போனில் தேடித் தேடிப் படித்தேன். படித்ததை என் மொழியில் சொல்கிறேன்.

நம் உடம்பு செல்களால் ஆனது. செல்லுக்கு நடுவில் உட்கரு. நம் ஸ்க்ரூ கேஜின் லீஸ்ட் கவுண்ட் 0.01 மில்லிமீட்டர் அல்லவா? உட்கருவின் குறுக்களவு அதைவிடச் சிறியது, சுமார் 0.006 மில்லிமீட்டர். அதற்குள், நீட்டிப் பிடித்தால் 2 மீட்டர் வரும் டி.என்.ஏ. இழை சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது! அது இரட்டை இழை, முறுக்கிய நூலேணி போல. அதன் படிகள் ஏ, டி, ஜி, சி என்ற நான்கே எழுத்துகள். ஏ-க்கு எதிரே டி, ஜி-க்கு எதிரே சி. அப்பா வழியில் சுமார் 300 கோடி, அம்மா வழியில் சுமார் 300 கோடி என்று மொத்தம் 600 கோடிப் படிகள். உடம்பை நடத்தும் டிராயிங் முழுவதும் இதில்தான் இருக்கிறது.

இந்த டிராயிங் கெட்டிப் பாறை போல அப்படியே இருக்கும் என்றுதான் ஒரு காலத்தில் விஞ்ஞானிகளே நினைத்தார்களாம். தாமஸ் லிண்டால் என்ற ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி, அப்படி இல்லை என்று காட்டினார். நம் உடம்பின் சூடும் தண்ணீருமே போதும், டி.என்.ஏ. தானாகச் சேதமாகும். ஒரே ஒரு செல்லில், ஒரே ஒரு நாளில், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சேதங்கள்! வெயில், புகை, கதிர்வீச்சு எல்லாம் அதற்கு மேல். மெயின்டனன்ஸ் பாடத்தில் தேய்மானம் என்று படிக்கிறோமே, உயிரோடு இருப்பதே ஒரு தேய்மானம்தான். இத்தனை அடி விழுந்தும் நாம் நடமாடுகிறோம் என்றால், உள்ளே யாரோ ரிப்பேர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் அல்லவா? லிண்டால் அந்த ஆளையும் தேடிப் பிடித்தார்.

சின்னச் சேதம் ஒன்று பார்ப்போம். சி என்ற எழுத்து சில சமயம் தானாக மாறி, யு என்ற வேறு எழுத்தாகிவிடும். டி.என்.ஏ.வில் யு இருக்கவே கூடாது. எனவே கண்டதும் தெரிந்துவிடும், தண்ணீரில் குமிழி வந்த மாதிரி! ஒரு நொதி வந்து அந்த ஒரு எழுத்தைக் கழற்றி எறியும். இன்னொன்று அந்த இடத்தை வெட்டும். மூன்றாவது ஒன்று, எதிர் இழையில் ஜி இருப்பதைப் பார்த்து, சரியான சி-யை வைக்கும். கடைசியாக லிகேஸ் என்ற நொதி இணைப்பை ஒட்டிவிடும். வெல்டிங்காரர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இரட்டை இழை இருப்பதன் அருமை இதுதான். ஒரு பக்கம் கெட்டால் மறுபக்கமே டிராயிங்!

வெயிலால் வரும் சேதம் வேறு விதம். புற ஊதாக் கதிர் பட்டால் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு டி எழுத்துகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு, இழை அங்கே புடைத்துக்கொள்ளும். இதற்கு ஒரு எழுத்தைக் கழற்றினால் போதாது. இரண்டு பக்கமும் வெட்டி, சுமார் 30 எழுத்து நீளத்துக்குத் துண்டையே எடுத்துவிட்டு, புதிதாக நிரப்புகிறது செல். இந்த ரிப்பேர் பிறவியிலேயே இல்லாத குழந்தைகள் உண்டு. அவர்கள் வெயிலில் தலை காட்டினாலே தோல் வெந்துபோகும், சிறு வயதிலேயே தோல் புற்றுநோய் வரும். அவர்கள் செல்லில் இந்த ரிப்பேர்தான் குறை என்று ஜேம்ஸ் கிளீவர் 1968-ல் கண்டுபிடித்தார்.

செல் இரண்டாகப் பிரியும்போது 600 கோடி எழுத்தையும் நகல் எடுக்க வேண்டும். எடுக்கும் நொதி சுமார் ஒரு லட்சம் எழுத்துக்கு ஒரு தப்பு செய்யும். உடனே அதுவே திரும்பிப் பார்த்துத் திருத்திக்கொள்வதால் தப்பு ஒரு கோடிக்கு ஒன்றாகக் குறையும். அதற்குப் பிறகும் ஃபைனல் இன்ஸ்பெக்ஷன் மாதிரி ஒரு குழு வந்து பார்த்து, தப்பை நூறு கோடிக்கு ஒன்று என்ற அளவுக்குக் கொண்டுவந்துவிடும். இந்தக் குழுவின் வேலையைச் சோதனைக் குழாயிலேயே நடத்திக் காட்டியவர் பால் மோட்ரிச். எந்தத் தொழிற்சாலையில் இந்தத் தரக் கட்டுப்பாடு இருக்கிறது, சொல்லுங்கள்!

இரண்டு இழையும் அறுந்தால்

அம்மாவுக்கு ஒரு நாள் வைக்கும் கதிரின் அளவு 2 கிரே. அது ஒரு செல்லின் டி.என்.ஏ.வில் சுமார் 2000 இடத்தில் ஒற்றை இழையை அறுக்கும். அதை செல் சுலபமாகச் சமாளித்துவிடும். ஆனால் 40 முதல் 80 இடத்தில் இரண்டு இழையும் சேர்ந்தே அறுந்துபோகும். அதுதான் ஆபத்து. எதிர்ப்பக்கமும் இல்லையே, எதைப் பார்த்துத் திருத்துவது?

அதற்கும் செல் இரண்டு வழி வைத்திருக்கிறது. ஒன்று, அறுந்த முனைகளைப் பிடித்து நேரடியாக ஒட்டிவிடுவது. சீக்கிரம் முடியும், ஆனால் ஓரத்தில் சில எழுத்துகள் போய்விடலாம். இன்னொன்று, செல் பிரிவதற்காக எடுத்து வைத்த நகல் பக்கத்தில் இருந்தால், அதைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து சரியாக எழுதுவது. மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சியில் 1994-லும் 1995-லும் கண்டுபிடிக்கப்பட்ட பி.ஆர்.சி.ஏ. மரபணுக்கள் இந்த இரண்டாவது வேலைக்குத்தான் ஆள் அனுப்புகின்றன. அவை பிறவியிலேயே பழுதாக இருந்தால், அந்தக் குடும்பத்துப் பெண்களுக்கு மார்பக, சினைப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகம்.

இந்த வேலைகளுக்கெல்லாம் நேரம் வேண்டும், மணிக்கணக்கில். அதனால்தான் ஒரு கரண்டுக்கும் அடுத்த கரண்டுக்கும் நடுவே ஒரு நாள். "சொல்யூசன் காயணும்ல?" என்று அப்பா சொல்வது இதைத்தான்! நல்ல செல், வேலை முடியும் வரை பிரியாமல் நின்று, ஒட்டி முடித்துவிடுகிறது. புற்றுநோய் செல்லுக்கு அந்த நிதானம் கிடையாது. அறுந்த டி.என்.ஏ.வோடு அவசரமாகப் பிரியப் போய், பிரிய முடியாமல் சாகிறது.

செல்லை அப்படி நிறுத்தி வைப்பது யார்? பி53 என்ற ஒரு புரதம். சேதம் தெரிந்தால் "நில், ரிப்பேர் முடியட்டும்" என்று செல்லை நிறுத்தும். ரிப்பேர் ஆகாத அளவு சேதம் என்றால், செல்லைத் தானே சாகச் சொல்லும். வால்வு அடியில் கிழிந்த டியூபை அப்பா அறுத்துப் போடுவாரே, அதே வேலை! மரபுத் தொகுதியின் காவலர் என்று 1992-ல் டேவிட் லேன் இதற்குப் பெயர் வைத்தார். மனிதர்களுக்கு வரும் புற்றுநோய்களில் ஏறக்குறையப் பாதியில் இந்தக் காவலர் பழுதாகிக் கிடக்கிறார்.

அம்மாவுக்கு வந்த நோயில் நடந்தது இன்னும் அநியாயம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் அநேகமாக எல்லாமே எச்.பி.வி. என்ற வைரஸால் வருவது. இதைக் கண்டுபிடித்த ஹரால்ட் சூர் ஹௌசனுக்கு 2008-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். வைரஸ் சாதாரணமானதுதான். பெரும்பாலானவர்களுக்கு வந்து, தானே போய்விடும். சிலருக்கு மட்டும் போகாமல் வருடக்கணக்கில் தங்கிவிடும். அப்படித் தங்கினால், அதன் ஈ6 என்ற புரதம் பி53-ஐப் பிடித்து அழித்துவிடுகிறது. டிராயிங்கைக் கெடுப்பதற்கு முன்னால் காவலரையே காலி பண்ணிவிடுகிறது! இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அம்மா எந்தத் தப்பும் செய்யவில்லை. அவர் உடம்பும் சோம்பேறித்தனம் பண்ணவில்லை. காவலரைத் திருடிக்கொண்டு போய்விட்டார்கள்.

சாவூர் ஊர்க்காரர்

செல்லின் ரிப்பேர் வேலையைக் கண்டுபிடித்ததற்காக 2015-ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசை மூன்று பேருக்குப் பகிர்ந்து கொடுத்தார்கள். லிண்டால், மோட்ரிச் என்று இருவர் பெயரை மேலே சொன்னேன். மூன்றாமவர் அஜீஸ் சஞ்சார். வெயிலால் வரும் சேதத்தைச் செல் எப்படி வெட்டி எடுக்கிறது என்று கண்டவர். நம் மாதிரிப் பிள்ளைகள் இவர் கதையை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

துருக்கியில் மார்தின் மாகாணத்தில் சாவூர் என்ற சின்ன ஊர். அங்கே 1946-ல் பிறந்தார். எட்டுப் பிள்ளைகளில் ஏழாவது. அப்பா அம்மா இருவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது! ஆனால் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். இஸ்தான்புல் போய் டாக்டருக்குப் படித்து, சொந்த ஊர்ப் பக்கமே வந்து வைத்தியம் பார்த்தார். பிறகு அமெரிக்கா போய், 1977-ல் டாலஸில் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கினார். அத்தனை படித்தும், அடுத்த ஆராய்ச்சிக்கு இடம் கேட்டு விண்ணப்பித்த மூன்று இடங்களிலும் கிடைக்கவில்லை. என்ன செய்தார் தெரியுமா? யேல் பல்கலைக்கழகத்தில் ஒரு ஆய்வகத்தில் டெக்னீஷியன் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே இருந்துகொண்டுதான், பாக்டீரியாவில் இந்த வெட்டு வேலையைச் செய்யும் மூன்று புரதங்களையும் பிரித்தெடுத்து, 1983-ல் அந்த வேலையை விளக்கினார்.

"டிப்ளமோ முடிச்சா டெக்னீஷியன்தான்டா ஆகலாம்" என்று நமக்குள் அலுத்துக்கொள்கிறோமே, அந்த டெக்னீஷியன் வேலையில் உட்கார்ந்துதான் ஒருவர் இதைக் கண்டுபிடித்தார். நோபல் பதக்கத்தைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் 2016-ல் அங்காராவில் உள்ள அத்தாதுர்க் நினைவிடத்துக்குக் கொடுத்துவிட்டார். தன்னைப் படிக்க வைத்தது அவர் தொடங்கிய கல்வி முறைதான் என்ற நன்றி. ஆஸ்பத்திரி வராந்தாவில் இதைப் படித்தபோது, கைநாட்டு வைத்த மை இன்னும் அம்மா விரலில் இருந்த அந்த முதல் நாள் ஞாபகம்தான் எனக்கு வந்தது.

இருபத்தைந்தாவது நாள்

படித்ததை எல்லாம் ஒரு நாள் ராத்திரி கடையில் வைத்து அப்பாவுக்குச் சொன்னேன். டியூபைத் தொட்டியில் அமுக்கியபடியே கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "அப்ப நம்ம கடை வேலைதான் உள்ள நடக்குது. அதான் தெனமும் கொஞ்சமா வைக்கிறாக. அந்த டாக்டர்மாருக்குத் தொழில் தெரியும்" என்றார். அதுவரை, "காசு பிடுங்கத்தான் இழுக்குறாங்களோ?" என்று கேட்டவர்களிடம் எல்லாம் பதில் சொல்லத் தெரியாமல் நின்றவர் அவர். மறுநாளிலிருந்து அவரே நாலரை மணிக்கு எங்களை எழுப்பிவிட்டார்.

அம்மாவுக்கும் சொன்னேன். "உனக்குள்ள ராத்திரியெல்லாம் வேலை நடக்குதும்மா. அதுக்குத்தான் ஒரு நாள் கேப் விடுறாங்க." அம்மா யோசித்துவிட்டு, "அப்ப நான் நல்லாச் சாப்பிட்டுத் தூங்கணும்ல?" என்றார். கரண்ட் வைத்தால் வாய்க்கு எதுவும் பிடிக்காது, வயிற்றுப்போக்கு வேறு. அப்படியும் அன்று ராத்திரி ஒரு டம்ளர் கஞ்சி கூடக் குடித்தார்.

அதற்குப் பிறகு ஒரு நாளும் விடவில்லை. இரண்டு சனிக்கிழமையும் போனோம். இருபத்தைந்தாவது நாள், அம்மா தான் எடுத்த மல்லிகையில் இரண்டு முழம் கட்டி, அந்த டெக்னீஷியன் அக்காவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். பிறகு உள்ளே வைக்கும் சிகிச்சையும் முடிந்தது. மூன்று மாதம் கழித்து நடந்த முதல் செக்கப்பில், "இப்போதைக்கு நல்லா இருக்கு" என்றார் டாக்டர். இப்போதைக்கு என்ற வார்த்தையை நான் கவனிக்காமல் இல்லை. ஐந்து வருடம் விடாமல் வரச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அட்டெண்டன்ஸ் குறைந்து, காண்டனேஷன் கட்டித்தான் தேர்வு எழுதினேன். அந்தப் பணத்தை அப்பா பஞ்சர் கடைச் சில்லறையாகவே எண்ணிக் கொடுத்தார்.

நண்பர்களே, மூன்றே மூன்று விஷயம் கேட்டு முடித்துக்கொள்கிறேன். வெல்டிங் ஷாப்பில் ஆர்க்கிலிருந்து வருவதும் அதே புற ஊதாக் கதிர்தான். ஷீல்டு பிடிக்காமல், கையை மடித்து விட்டுக்கொண்டு ஸ்டைல் காட்டாதீர்கள். கேன்டீன் பின்பக்கச் சுவர்க்காரர்களே, நீங்கள் இழுக்கும் புகையில் இருப்பவை டி.என்.ஏ.விலேயே போய் ஒட்டுகின்றன. ஏற்கெனவே உள்ளே ஓவர்டைம் பார்க்கிறவர்களுக்கு இன்னும் வேலை வைக்காதீர்கள்! மூன்றாவதுதான் முக்கியம். முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ச் சோதனையை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்கிறார்கள். இந்த வைரஸைத் தடுக்கச் சிறுமிகளுக்குத் தடுப்பூசியும் இருக்கிறது. அம்மாவிடம் இதைப் பேசக் கூச்சமாக இருந்தால், அத்தையிடமோ அக்காவிடமோ சொல்லி அனுப்புங்கள். என் அம்மாவிடம் முன்பே யாராவது சொல்லியிருந்தால், இந்த இருபத்தைந்து கரண்டும் தேவைப்பட்டிருக்காது.

அடி படாத செல் என்று எதுவும் இல்லை. அடியைத் தேடிப் பிடித்து, பொறுமையாகச் சரிசெய்துகொள்ளும் செல்தான் பிழைக்கிறது. இரண்டு நாள் தவறவிட்ட எனக்கும், அதைச் சரிசெய்துகொள்ள இரண்டு சனிக்கிழமை கிடைத்தது.

இந்த மலர் உங்கள் கைக்கு வரும் சமயம் அம்மாவுக்கு அடுத்த செக்கப் இருக்கும். அன்று முதல் இரண்டு பீரியடுக்கு என் இடம் காலியாகத்தான் இருக்கும். நோட்ஸ் எடுத்து வையுங்கள்.